காடிஸில் ஆறு மணி நேரம்

"...மாதா கோயில முடிச்சிட்டு அப்படியே குருசடி, பொறவு கெபி. நேரம் கெடந்தா உன் கோட்டையப் பாரு," என்றாள் அக்கா.

தாராவியில் அக்கா வீடு ஒற்றை அறை. அதில் காடிஸ் படம் போட்ட காகிதத்தை விரிக்க இடம் கிடைத்ததே பெரிய காரியம். எனக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்பெயின் தேசத்துக் காடிஸ் துறைமுகத்துக்கு அதற்கு முன் மூன்று தடவை போயிருந்தேன். மூன்று தடவையும் டியூட்டி. எண்ணெய்ப் புகைக்குள் நின்று, கரைக்குப் போய் வந்தவன் சொன்னதைக் கேட்டதுதான் நான் கண்ட காடிஸ். இந்தத் தடவை ஆறு மணி நேரம் கரையிறங்க விடுவதாக மூத்த எஞ்சினியர் சொல்லியிருந்தார்.

கூட வேலை பார்த்த கோவாக்காரர் போட்டுக் கொடுத்த படம் அது. ஊரைச் சுற்றிக் கடல், கடலோரம் கல் மதில். தண்ணீருக்குள் நீளும் கல்பாதை, அதன் முனையில் பழைய கோட்டை. தங்கள் கப்பல் வருகிறதா என்று பார்க்க அந்தக் கால வியாபாரிகள் மாடிமேல் கட்டிய கோபுரங்கள். மதிலோரம் ஒரு மணி, கோட்டைக்கு இரண்டு மணி, கோபுரம் ஏற அரை மணி என்று பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

அதற்குள் நான் காடிஸ் போவதை அக்கா எங்கள் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டாள். வேண்டுதலென்றால் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். ஊருக்குப் போகிறவன் கையிலேயே பொட்டலம் கொடுத்தனுப்புகிறவர்கள், ஸ்பெயினுக்குப் போகிறவனை விடுவார்களா? பதினொரு பொட்டலம் சேர்ந்திருந்தது.

"யக்கா, அது நம்ம ஊரு மாதிரி இருக்காது. சிலுவ நட்ட குருசடிய நான் எங்க போய்த் தேட?"

"வேதக்கார ஊருல குருசடி இல்லாமலா இருக்கும்? மேலத்தெரு முக்குல பாரு."

காடிஸுக்கு மேலத்தெரு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டு மயினி பன்னிரண்டாவது பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள். "வீட்டுக்காரருக்கு முட்டுவலி, கொழுந்தப்புள்ள. கெபிக் குகை முன்னால முழங்கால் போட்டு வைக்கணும். நின்னுக்கிட்டு வச்சா வலி போவாது."

"எனக்கு முட்டுவலி வந்தா?"

"அதுக்கு அடுத்த கப்பல்ல ஒரு பொட்டலம் அனுப்புதேன்."

அவள் போனதும் அக்காவிடம் சொன்னேன். "காடிஸச் சுத்தி உப்பளமாம். அங்கயே உப்பு வாங்கிப் போட்டா ஆகாதா?"

"அந்த உப்புக்கு நம்ம வீட்டு நோவு தெரியுமால?"

வேறொரு நாளென்றால் இந்தப் பேச்சை நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்திருப்பேன். அன்று எரிச்சல்தான் வந்தது. மறுபடி கணக்குப் போட்டேன். மூன்று இடம், தேடுகிற நேரம், முழங்கால், ஜெபம் எல்லாம் போக மிஞ்சியது ஒரு மணி. கோட்டைக்கு நடந்து திரும்பவே அது பற்றாது.

"எனக்குக் கெடச்சது இந்த ஆறு மணி நேரந்தான், யக்கா. இன்னொரு தடவ எறங்குவேனோ, என்னமோ. ஒரே ஒரு கோயிலுக்குப் போறேன், எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு வாரேன். அதுக்கு மேல சொன்னேன்னா கப்பல விட்டு எறங்கவே மாட்டேன்."

அக்கா அடுப்படியிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்துவந்து உட்கார்ந்தாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "இது முட்டுவலி... இது வேல கெடைக்க... இது பிள்ள வரம்" என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி டப்பாவில் கொட்டினாள். பன்னிரண்டும் ஒன்றாய்க் கலந்ததும் மூடியை அழுத்தினாள். பிறகு முந்தானையில் முடிந்திருந்த தன் பொட்டலத்தை அவிழ்த்தெடுத்து, அதை மட்டும் பிரிக்காமல், என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் தனியே வைத்தாள்.