கறள் இல்லாத குழல்

றோசலினின் புருஷன் றெமிஜியஸின் முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, அவளுடைய தமையன் அலெக்ஸாண்டர் சுவரில் மாட்டியிருந்த துவக்கைக் காட்டி, "உதை என்ன செய்யிறது, பிள்ளை?" என்று கேட்டார்.

"கொண்டு போங்கோ, அண்ணை."

அந்த நேரம் அவர் வீட்டுக் கூரையைக் கேட்டிருந்தாலும் அவள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

அது ஜெர்மன் இராணுவத்துக்கென்று செய்த மவுசர் துப்பாக்கி. இந்த நாட்டுச் சட்டப்படி லைசென்ஸ் தேவைப்படாத அளவுக்குப் பழையது. லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் றெமிஜியஸ் அதை ஓர் ஏலத்தில் எடுத்தார். வாங்கிய புதிதில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "துவக்குக்குப் பயந்து மன்னாரிலயிருந்து ஓடிவந்த ஆள், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கியிருக்கிறாய். உனக்கென்ன விசரே?" அவர் கோபப்பட மாட்டார். "இது ஆரையும் சுடாது. இதுக்குச் சன்னம் செய்யிறதை விட்டே நூறு வரியம்" என்பார். "என்ர மனிசியின்ர வாயை விட இது பாதுகாப்பு" என்றும் சேர்த்துக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலால் வந்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். உள்ளங்கையில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயை விட்டு மரத்தில் தேய்ப்பார். துணி பாவிக்க மாட்டார். குழலும் மரமும் சேருகிற இடத்துக்குப் பின்னால், கை பிடிக்கிற கழுத்துப் பகுதி, நாளடைவில் அவருடைய கை பட்டுப் பட்டுக் கறுத்துப் பளபளப்பாகிவிட்டது.

செத்த வீட்டைக் கழுவுவது எங்களுடைய வழக்கம். றோசலினை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, உறவுப் பெண்கள் கட்டில் விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, குளிருக்குப் போடுகிற ஜக்கெற் வரைக்கும் தோய்த்துக் காயப்போட்டார்கள். அவருடைய உடுப்புகளை மடித்துக் கோயிலில் தருமத்துக்கு வைத்த பெட்டியில் போட்டார்கள். எல்லாம் அன்போடு செய்த வேலை. பனி கரையத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவள் அலுமாரியைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தாள். சவர்க்கார வாசம்தான் வந்தது. வீடு முழுக்கத் தேடினாள். அவர் பட்ட இடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியாகத்தான் துவக்கு நினைவுக்கு வந்தது. யாரும் கழுவாத ஒரே பொருள் அது.

அலெக்ஸாண்டருக்குப் போன் அடித்தாள்.

"அதை ஏலத்துக்கெல்லோ குடுத்திட்டன், பிள்ளை" என்றார் அவர். "வாற சனிக்கிழமை விடுறாங்கள், இனித் திருப்பித் தரமாட்டாங்கள். அழாதை. நானே எடுத்துத் தாறன். ஆர் கையைத் தூக்கினாலும் நான் இறக்கமாட்டன், சரியே?"

சனிக்கிழமை ஸ்ரௌவ்விலில் இருந்து பிக்கரிங்குக்கு வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனார். ஸ்காபரோவில் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு பெரிய மண்டபம். மத்தியானம்தான் ஏலம். காலையில் பொருட்களைப் பார்க்க விடுவார்கள். நீள மேசையில் துவக்குகள் வரிசையாகக் கிடந்தன. தன்னுடையது கிடக்குமென்று ஏலக் கற்றலொக் காட்டிய இடத்துக்குப் போன றோசலின், அதைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

அது மினுங்கியது. புதுக் கலியாண வீட்டுக் கதிரை போல மினுங்கியது.

இது வேறு துவக்கு என்று அவள் நினைத்தாள். வேறாக இருக்கவேண்டும் என்று மன்றாடினாள். மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம் சொல்லிக் கையுறை வாங்கிப் போட்டாள். ஒரு துவக்கை வாங்குவதற்கு முன் எப்படிப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ ஏலங்களில் றெமிஜியஸுக்கு டோர்ச் பிடித்தவள் அவள். முதலில் நம்பர். எல்லாப் பாகங்களிலும் ஒரே நம்பர் அடித்திருந்தால்தான் அது தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கிறது என்று அர்த்தம். மற்றவர்கள் நம்பர் பொருந்தவேண்டுமே என்று பார்ப்பார்கள். அவள் பொருந்தக்கூடாதே என்று பார்த்தாள்.

குழலில் இருந்தது அவள் மனப்பாடமாக வைத்திருந்த அதே நம்பர். பின்பூட்டிலும் அதே. வளையங்களிலும், சின்ன ஆணித் தலைகளிலும் அதே நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்கள்.

பிறகு மரம். இரும்பும் மரமும் சந்திக்கிற விளிம்பில் நகத்தை ஓட்டினாள். மரம் இரும்பை விட ஒரு மயிரளவு உயர்ந்து நிற்கவேண்டும். நகம் பள்ளத்தில் விழுந்தது; மரத்தை யாரோ தேய்த்திருந்தார்கள். கட்டையில் குத்தியிருந்த கிரீட முத்திரை மங்கிப் பாதி அழிந்திருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுக் கழுத்தைத் தொட்டாள். மேசையில் நின்ற பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பினாள். கழுத்தில் அவர் கை பட்ட கறுப்பு ஒன்றும் இல்லை. கண்ணாடி போல வழவழவென்று வார்னிஷ்.

"எப்பிடி?" அலெக்ஸாண்டர் பின்னால் வந்து நின்றார். அவருடைய முகம் மலர்ந்திருந்தது. "நான் அப்பிடியே குடுக்கேல்லை, பிள்ளை. எங்கட அந்தோனியாரின்ர சுரூபக் கூட்டுக்குத் திருநாளுக்குத் திருநாள் செய்யிற மாதிரி, அடிமரம் தெரியுமட்டும் சாண்ட்பேப்பர் போட்டு, மூண்டு கை வார்னிஷ் அடிச்சனான். கராஜுக்க நல்ல குளிர். ஹீற்றர் வச்சுக் காயவிட்டன். பிடியில என்ன அழுக்கு எண்டு நினைக்கிறாய்! லேசில போகேல்லை."

றோசலின் கையுறையைத் திரும்பப் போட்டாள்.

"அத்தானின்ர சாமான், அசிங்கமா நாலு பேருக்கு முன்னால போகக்கூடாதெல்லே" என்றார் அவர். அவரும் அழாமல் அழுதுகொண்டிருந்த ஆள்தான்.

பக்கத்தில் இருவர் அந்தத் துவக்கை எடுத்து, வார்னிஷைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்தார்கள். "பாத்தியே, ஆசைப்படுறாங்கள்" என்று அலெக்ஸாண்டர் காதுக்குள் சொன்னார். "நீ பயப்பிடாதை."

ஏலத்தில் எடுத்தால் அவர் அதைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே மாட்டிவிடுவார். பிறகு வரும்போதெல்லாம் அதன் கீழே இருந்து தேத்தண்ணி குடிப்பார், பார்த்துப் பெருமைப்படுவார். அவள் ஒவ்வொரு நாளும் அதன் கீழே நடக்கவேண்டும். றோசலின் டோர்ச்சை எடுத்துக் குழலுக்குள் அடித்துப் பார்த்தாள். உள்ளே சுற்றிச் சுற்றிப் போன வரிகள் துப்புரவாக இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை, கறள் இல்லை. அவர் அப்படி வைத்திருந்தார்.

"வேண்டாம், அண்ணை" என்றாள்.

"ஏன்?"

"உள்ளுக்கை கறள் பிடிச்சிட்டுது."

"கறளோ? நான் வெளியைத்தானே பாத்தன்..." அவர் குனிந்து ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. "கழுவ ஏலாதோ?"

"ஏலாது. போனது போனதுதான்."

கார்ப் பார்க்கில் அவர் கன நேரம் எஞ்சினைப் போடாமல் இருந்தார். "நான் குடுத்திருக்கக்கூடாது" என்றார். பிறகு, "இதே மாதிரி வேற ஒண்டு தேடுவம், பிள்ளை. நல்லதா ஒண்டு" என்றார். அவள் தலையாட்டினாள். அது பிழை என்று பிறகுதான் தெரிந்தது.

அலெக்ஸாண்டர் சொன்னால் செய்கிறவர். ஏலக் கற்றலொக்குகள் எல்லாம் இப்போது அவருடைய போனுக்கு வருகின்றன. "பிள்ளை, ஹமில்டனில ஒரு மவுசர் வருதாம். வெளிக்கிடு" என்பார். அவள் மாட்டேன் என்று சொல்வதில்லை. சொன்னால் காரணம் கேட்பார். ஏறிப் போகிறாள். நம்பர் பார்க்கிறாள், விளிம்பில் நகத்தை ஓட்டுகிறாள், டோர்ச் அடிக்கிறாள். கடைசியில் கையுறையைக் கழற்றிக் கழுத்தில் கை வைக்கிறாள். சிலவற்றில் மரம் அந்த இடத்தில் கறுத்துப் பளபளப்பாகத்தான் இருக்கிறது. எவனோ ஒரு ஜெர்மன்காரனின் கை.

"எப்பிடி?" என்று கேட்கிறார் அண்ணை.

"இன்னும் பாப்பம்" என்கிறாள்.