ஃபவ்ஸியின் கட்டைவிரல்

நாபூல் ஊர்க் கால்பந்துக் குழுவில் ஃபவ்ஸியை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். முதலில் திருத்திப் பார்த்தார். பிறகு, காதுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். இளவயதில் இதே குழுவில் தடுப்பாட்டக்காரர். எதிரணி வலைக்குள் அடித்ததைவிடத் தன் வலைக்குள் அடித்த கோல்தான் அதிகம். “நீ பந்தைத் தொடாம இருந்தாலே போதும்” என்று பயிற்சியாளர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்ன பிறகுதான் படிக்கப் போனார்.

மைதானத்தை ஒட்டி ஆரஞ்சுத் தோட்டம். பூ விட்டால் தேனீக்கள் பந்துக்கு மேல் பறக்கும். கோல்கீப்பர் வஜ்திக்குத் தேனீ கொட்டினால் தொண்டையே அடைத்துவிடும். அதற்காக ஃபவ்ஸியின் பையில் ஓர் அட்ரினலின் ஊசிப்பேனா, கோல் கம்பத்துக்குப் பின்னால் வஜ்தியின் கையுறைப் பையில் இன்னொன்று. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், “எங்க, எடுத்துக் காட்டு” என்று நச்சரிப்பார்.

“எங்கம்மாவே தேவலை டாக்டர்” என்பான் வஜ்தி.

ஊசியில்லாத பயிற்சிப் பேனாவை வைத்துக் குழுவுக்கே வகுப்பும் எடுப்பார். “நீலம் வானத்துக்கு, ஆரஞ்சு தொடைக்கு! ஊசி வர்ற ஆரஞ்சு நுனியில கட்டைவிரலை வெக்கிறவன் கழுதை!”

ஏப்ரலில் ஓர் ஆட்டத்தின் நடுவே வஜ்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டான். ஃபவ்ஸி ஓடிப் போவதற்குள் உதடு வீங்கிவிட்டது, மூச்சு விசிலடித்தது. “நீலம் வானத்துக்கு!” என்று சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். ஃபவ்ஸி நீல மூடியைப் பிடுங்கினார். பேனாவை இறுக்கிப் பிடித்தார். கட்டைவிரலை ஆரஞ்சு நுனியில் வைத்து ஓங்கி அழுத்தினார்.

டக்.

“டாக்டர், ஊசி யாருக்கு?” என்றான் கேப்டன் சைஃபுத்தீன்.

விரல் சுண்ணாம்பாக வெளுத்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது. பையன் செத்துக்கொண்டிருக்கிறான், கழுதை தனக்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்தார். அழுகை முட்டியது.

“கையுறைப் பைடா! ஓடு!”

சைஃபுத்தீன் கொண்டுவந்த பேனாவை இடக்கையில் வாங்கினார். மறுபடியும் தலைகீழாகத்தான் பிடித்தார். பேச முடியாத வஜ்தி அவர் மணிக்கட்டைப் பிடித்து, பேனாவைச் சரியான பக்கம் திருப்பிவிட்டான். தொடையில் அழுத்திப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக விசில் அடங்கியது.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல நோயாளி யாரு?”

வஜ்தி ஃபவ்ஸியைக் காட்டினான்.

விரலுக்கு நிறம் திரும்பிவிட்டது, மரியாதை மட்டும் திரும்பவில்லை. இப்போதெல்லாம் வகுப்பு அந்தக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டித்தான் தொடங்குகிறது. “கழுதை யாரு?” என்று அவரே கேட்பார். குழு மொத்தமும் “டாக்டர்!” என்று கத்திச் சிரிக்கும். அதில் வஜ்தியின் சிரிப்பு தனியாகக் கேட்கும், தொண்டை கிழிய. அதைக் கேட்பதற்காகவே ஃபவ்ஸி இன்னொரு முறை கேட்பார்.