ஊடு என்று எழுதிய குற்றம்

லிங்கர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். எண்பதுகளின் கடைசியில் சூரமங்கலத்தில், ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரம் என்று பேச்சு. நிரந்தரமாகிவிட்டால் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவதாக, மோகனூர்ப் பக்கம் கரும்பு போட்டிருந்த என் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். இல்லாவிட்டால் தை பிறந்ததும் திருச்செங்கோட்டு லாரிக்காரர் மகனுக்கு என்னைக் கட்டிவைப்பார். அந்த மகராசனைப் பார்த்திருக்கிறேன். "பொம்பளப் புள்ள கம்ப்யூட்டர்ல என்னங்க பண்ணும்?" என்று என் முன்னாலேயே அப்பாவிடம் கேட்டவன்.

ஐந்தாவது மாதம் ஒரு நகராட்சியின் வரி நோட்டீஸ்களை அச்சடித்துக் கொடுக்கும் வேலை சென்டருக்கு வந்தது. எங்கள் சீனியர் நாமக்கல் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பக்கம், பேச்சும் ஒன்று என்பதால் அவரை அண்ணா என்பேன். வரிக் கணக்குப் போடும் புரோகிராம் துண்டுகளை நான் எழுதி லைப்ரரி என்ற தொகுப்புக் கோப்பில் சேர்க்கவேண்டும், அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் மெயின் புரோகிராமை ஆத்தூரிலிருந்து வந்த இன்னொருவர் எழுதவேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். இங்கிலீஷில் பெயர் வைத்தால் மெஷினுக்குள் ஏற்கெனவே இருக்கிற பெயரோடு இடிக்கும் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் தமிழ்ப் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவது அங்கே வழக்கம்.

"மூணு பேருதானுங்க. எழுதிக்கோங்க. ஊடு, கடை, மனை" என்றார். எழுதிக்கொண்டோம். ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்கவில்லை.

தனித்தனியாக கம்பைல் செய்தபோது, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றியபோது, இருவருடையதும் சுத்தமாக வந்தது. வரத்தான் செய்யும். கம்பைலர் அவரவர் எழுதியதை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடும். இரண்டையும் கோர்ப்பது லிங்கர். மெயின் புரோகிராம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதோ, அதே பெயர், எழுத்துக்கு எழுத்து, லைப்ரரியில் இருக்கவேண்டும். இல்லையென்றால், கேட்ட பெயர் எங்கேயும் இல்லை என்று ஒரு வரி போட்டுவிட்டு நின்றுவிடும். தப்பு கூப்பிட்டவருடையதா, எழுதிவைத்தவருடையதா என்று சொல்லாது.

எங்களுக்கும் அந்த வரிதான் வந்தது.

"வீடு இல்லைன்னு சொல்லுது" என்றார் ஆத்தூர்க்காரர்.

"ஊடு இருக்குதுங்களே! நேத்தே போட்டனே" என்றேன்.

சீனியர் திரையில் குனிந்து, "ஆமா, ஊடு இல்லீங்குது" என்று வாசித்தார். திரையில் இருந்தது வி, இ, இ, டி, யு. எங்கள் பக்கம் வீட்டை ஊடு என்போம். அவர் கண் அதைப் பார்த்தது, வாய் ஊடு என்றது. நானும் அப்படியேதான் பார்த்தேன், அப்படியேதான் சொன்னேன். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. மூன்று பேர், ஆறு கண், ஒருத்தருக்கும் தெரியவில்லை!

லிங்கருக்குக் கொடுக்கும் கட்டளையில் லைப்ரரியை முன்னால் எழுதியதுதான் கோளாறு என்றார் சீனியர். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும், கேட்கிறவர் முதலில், கொடுக்கிறவர் பிறகு வரவேண்டும். மாற்றினோம். அதே வரி. லைப்ரரி பழசு என்றார். அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டினேன். அதே வரி. இப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் நகராட்சி அதிகாரி நேரில் பார்க்க வந்தார். மெட்ராஸிலிருந்து வந்து சென்டரை நடத்திய முதலாளி, செருப்பைக் கழற்றவைத்து அவரை ஏசி அறைக்கு அழைத்து வந்தார். திரையில் அந்த ஒரே வரிதான் இருந்தது. அதிகாரி காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

முதல் நாளே செய்திருக்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன். லைப்ரரிக்குள் என்னென்ன பெயர் இருக்கிறது என்று பட்டியல் எடுத்துக் காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். ஓ, ஓ, டி, யு. அட கடவுளே! காதில் விழுந்தபடி நான் எழுதியிருக்கிறேன். அவர்கள் பக்கம் பேசுகிறபடி ஆத்தூர்க்காரர் எழுதியிருக்கிறார். என் கோப்பில் பெயரை மாற்றி, கம்பைல் செய்து, திரும்பக் கோர்த்தேன். பாழாய்ப்போன அதே வரி! பிறகு புரிந்தது, மாற்றிய துண்டை லைப்ரரியில் போடவே இல்லை, உள்ளே பழையதுதான் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிதை வைத்தேன். கால் மணி நேரத்தில் பிரிண்டர் ஓடியது.

ஓடிய சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அச்சான நோட்டீஸைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "எப்படி இந்தத் தப்பு வந்தது?" என்று மட்டும் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அண்ணா ஊடு என்று சொன்னார், நான் ஊடு என்று எழுதினேன்.

முதலாளி சீனியரைப் பார்த்தார்.

"வீடுன்னுதான் சார் சொன்னேன்" என்றார் சீனியர். வகரத்தை உதட்டில் அழுத்தி, வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி. அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்து நான் கேட்டதே இல்லை.

ஆத்தூர்க்காரரிடம் திரும்பி, "நீங்க அங்கதானே இருந்தீங்க? உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?" என்றேன். "எனக்குச் சரியா நினைவில்லைங்க" என்று அவர் தரையைப் பார்த்தார்.

"முதல்ல பேச்சைத் திருத்திக்கம்மா. வேலையை அப்புறம் பார்க்கலாம்" என்றார் முதலாளி. நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்.

படியிறங்கும்போது சீனியர் பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காத சாமி. அந்த மனுசன் முன்னால எப்படி..." என்று இழுத்தார். நான் நிற்கவில்லை. மெட்ராஸ்காரர் பேச்சைத் திருத்தச் சொன்னதை மறந்துவிட்டேன். என் பேச்சையே பேசிப் பிழைத்தவர் அதைத் தன் பேச்சே இல்லை என்று சொன்னாரே, அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை. சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன்.

மறுநாள் பையோடு மோகனூரில் இறங்கினேன். அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று, "வேலை போயிருச்சுங்கப்பா. வீட்டுக்கே வந்துட்டனுங்க" என்றேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏஞ் சாமி, அசலூர்க்காரியாட்டப் பேசற?"

அப்போதுதான் என் காதிலும் அது விழுந்தது. ஊட்டுக்கு என்று வரவேண்டியது வீட்டுக்கு என்று வந்திருந்தது.

"திருச்செங்கோட்டுக்காரங்களுக்குச் சொல்லியுட்டறலாமா?" என்று கேட்டார்.

சரியென்று தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.