பாதியில் நிற்கும் பாட்டு

கெலிஓயாவில் என் துணிக்கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் காசிம் நானா கிராமபோன் வாங்கி வைத்திருக்கிறார். மார்க்கப்படி பாட்டுக் கேட்பது சரியில்லை என்பது என் முடிவு. அவருக்கு அப்படியில்லை. இருவரும் தொழுவது ஒரே பள்ளிவாசலில்தான்.

என் தலை தெரிந்தால் போதும், மரியாதையாக ஊசியைத் தூக்கிவிடுவார்.

இன்று மாமியாரோடு சண்டை பிடித்து வீட்டை விட்டுப் போன பெண்ணின் கதையைச் சொல்லும் பாட்டு ஓடியது. லுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தும் நானா கடையின் பின்பக்கக் கிணற்றடிக்குக் கை கால் கழுவி வுளூ செய்யப் போனேன். மூன்று தடவை கழுவ வேண்டிய காலை ஏழாவது தடவையாகக் கழுவும்போது நானா எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்.

"நீங்க இங்க ஈக்கியத காணல்லயே தம்பி! இந்தா, இப்பவே நிப்பாட்டுறேன்!"

நிறுத்தியும் விட்டார். நிறுத்த வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்தப் பெண் திரும்பி வந்தாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாடிக் காட்ட வேண்டாம்.