லோம்பே அம்மாவின் கையெழுத்து

கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்து மூன்று தரம் தள்ளிப் பார்த்தார் லோம்பே அம்மா. கடைசித் தரம் லேசாக உரசியது. கக்கத்தில் இடுக்கியிருந்த பள்ளிக்கூட நோட்டை எடுத்து, ‘கொல்லைத் தாழ்ப்பாள், உரசல்’ என்று எழுதி நாள் போட்டார். அடுத்தது சமையலறை ஜன்னல். அதற்கடுத்தது தண்ணீர்த் தொட்டி. திங்கட்கிழமை காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இந்தச் சுற்று நடந்தாக வேண்டும்.

அந்த நோட்டை வாங்கிப் படிக்கச் செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷாவில் இப்போது ஆளில்லை. குடியிருப்பு அலுவலகம் இருந்த கட்டடத்தில் கோழித் தீவனம் விற்கிறார்கள்.

“யாரு படிக்கப் போறான்னு எழுதுற?” என்பார் அவருடைய கணவர், நாற்காலியை விட்டு எழாமல்.

“நான் படிப்பேன். வேற யாரு வேணும்?”

சுரங்கக் கம்பெனி வீடுகளுக்குச் சொந்தக்காரனாக இருந்த காலத்தில் திங்கட்கிழமைதான் புகார் நாள். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். பல்பு போனால் போன பல்பைக் கொண்டுபோய்க் காட்டினால் புதியது கிடைக்கும். வாசல் புல்லை வெட்ட ஆள் வருவான். குழாய் சொட்டினால் மறுநாளே நீலச்சட்டைக்காரன் ஒருவன் வேலை அட்டையோடு வந்து நிற்பான். ரசீது என்று ஒன்று கிடையாது. ஆனால் அட்டையின் அடியில் ஒரு கோடு இருக்கும். வேலை முடிந்தது என்று வீட்டுக்காரி அந்தக் கோட்டின்மேல் கையெழுத்துப் போட்டால்தான் அவனுக்கு அன்றைய கணக்கு. நாலாம் வகுப்போடு நின்றுவிட்ட டோர்கஸ் கதோங்கோ என்கிற லோம்பே அம்மா, தன் பெயரை அழகாக எழுதப் பழகியதே அந்தக் கோட்டுக்காகத்தான். பெயரின் கடைசி எழுத்தைச் சுழித்துக் கீழே இறக்கி ஒரு புள்ளி வைப்பார். புள்ளி விழும்வரை நீலச்சட்டைக்காரன் மூச்சு விடமாட்டான் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

வீடுகளைக் குடியிருந்தவர்களுக்கே விற்றுவிட்டுச் சுரங்கம் கைகழுவி இருபது வருடத்துக்கு மேலாகிறது. லோம்பே அம்மா இன்று சந்தையில் கபெண்ட்டா விற்கிறார். நம் நெத்திலிக் கருவாட்டின் தம்பி அது. தகரக் குவளையால் கோபுரமாக அளந்து, மேலே ஒரு கைப்பிடி கொசுறு போடுவார். ஆனால் வீட்டுக்கு வருகிற எந்த வேலைக்காரனிடமும் அந்தப் பழைய கோடு இல்லாமல் அவர் கணக்குத் தீர்ப்பதில்லை. ரசீதின் அடியில் அளவுகோல் வைத்து அவரே கோடு கிழித்துக் கொடுப்பார். கூரைக்காரன், பூட்டுக்காரன், பெயிண்டர் எல்லாரும் சிரித்துக்கொண்டே அதற்குப் பழகிவிட்டார்கள்.

அந்த ஊரில் ஜூன்தான் குளிர்காலம். இந்த ஜூன் குளிரில் அந்தக் கோடு ஒரு வழக்காகிவிட்டது.

அவருடைய கணவர் முப்பத்தோரு வருடம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். முட்டி இரண்டும் போய்விட்டது. சுடுதண்ணீர் விட்டால்தான் காலை மடக்கவே முடியும். சுரங்கம் பொருத்திய கீசர் படுத்த நாளிலிருந்து, கரியடுப்பில் பானை வைத்துக் காய்ச்சி லோம்பே அம்மாதான் தூக்கி வந்தார். போன வாரம் பானை கை நழுவியது. நல்ல வேளையாகக் காலில் விழாமல் தரையில் விழுந்தது. லோம்பே அம்மாவுக்கும் அறுபத்தெட்டு வயது. இன்னொரு குளிர்காலம் அந்தப் பானையைத் தூக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மற்ற மெக்கானிக்குகள் அந்தக் கீசர் தொட்டியைப் பார்த்ததும், “இதை மியூசியத்துக்குக் குடுங்கம்மா, புதுசு வாங்குங்க” என்றார்கள். அதன் வயிற்றைத் திறக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான் மிச்சம். பழைய நீலச்சட்டைக்காரர் சிலுங்வே. மூன்று தடவை வந்தார். காயில் மாற்றினார், ஒயர் மாற்றினார். மூன்றாம் தடவை ரசீதோடு வந்தார்.

காயிலுக்கும் பஸ்ஸுக்கும் உண்டான பணத்தை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, கூலி என்று எழுதியிருந்த முந்நூறு குவாச்சாவின்மேல் லோம்பே அம்மா விரலை வைத்தார்.

“இது எதுக்கு?”

“வேல செஞ்சதுக்கு. காயில் போட்டாச்சு. சிவப்பு லைட் எரியுது பாருங்க.”

“லைட்டுலயா அவரு குளிப்பாரு?”

“மூணு தடவ வந்திருக்கேன் லோம்பே அம்மா. ஒரு தடவைக்குத்தான் கூலி போட்டிருக்கு. மத்த ரெண்டும் கொசுறுன்னு வச்சுக்குங்க.”

“கொசுறு நானும் தினம் போடுறவதான். கருவாட்ட அளந்து போட்டுட்டுத்தான் மேல கைப்பிடி. நீ கருவாடே குடுக்காம கொசுற மட்டும் கொண்டாந்து நிக்கிற.”

வேலிக்கு அப்பால் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிலுங்வேக்குக் காது சிவக்காத குறை.

“அப்படின்னா காயில கழட்டிட்டுப் போயிடுறேன்.”

கழற்றிக்கொண்டு போய்விட்டால் வேறு ஆள் கிடையாது, மறுபடி பானைதான். அது சிலுங்வேக்கும் தெரியும். சொன்ன பிறகு அவர் திருப்புளியை எடுக்கவும் இல்லை, அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். “குடுத்து அனுப்பேன். எத்தன வருசப் பழக்கம்.”

“பழக்கத்துக்குத்தான் டீ குடுத்தேன். கையெழுத்து சுடுதண்ணிக்கு.”

சிலுங்வே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஒரு தடவ சொட்டுற குழாய்க்கே கையெழுத்துப் போட்டீங்க. அப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு. ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? வேலைக்குச் சேந்து மூணு மாசம். அந்த மாசத்துல கையெழுத்து வாங்காத அட்டை ஏற்கெனவே ரெண்டு. மூணாவதும் அப்படியே போனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மூக்க உறிஞ்சிக்கிட்டு நின்ன.”

“வாஷர் ஸ்டோர்லயே இல்ல.”

“எனக்கென்ன தெரியும்? போட்டேன். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியாது.” அவர் பேனாவை மூடினார். “மறுநாளே மேற்பார்வைக்காரர் வந்தாரு. உன் வேலையத்தான் பாக்க. கேட்டுல அவரு தல தெரிஞ்சதும் வாசல் வால்வ மூடிட்டேன். குழாயத் திறந்து பாத்தாரு, காத்துதான் வந்துச்சு. லைன்ல தண்ணி இல்ல, குழாய் சரியாத்தான் இருக்குன்னேன். உன் வார்த்த போதும் அம்மான்னு போயிட்டாரு. தெருமுனை தாண்டுற வரைக்கும் வால்வுமேலயே உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் பதினோரு நாள் சொட்டுச்சு. ஒவ்வொரு சொட்டும் என்னப் பொய்க்காரின்னு சொல்லிச்சு.”

சிலுங்வே தலையை நிமிர்த்தினார். “ஒரு வார்த்த சொல்லலியே நீங்க.”

“சொல்லியிருந்தா நீ வேலயா கத்துக்கிட்டிருப்ப? எங்க வாசல்ல மண்டி போட்டு நன்றி நன்றின்னு கை தட்டிக்கிட்டு இருந்திருப்ப.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் தொப்பியின் ஓரத்தைத் திருகினார். லோம்பே அம்மா எழுந்தார். “அன்னிக்கி நான் பொய் சொன்னது சுரங்கத்துக்கிட்ட. இன்னிக்கி யாருகிட்ட சொல்ல, எங்க வீட்டுக்காரருகிட்டயா? வா.”

மேசைமேல் இருந்த ரசீதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு சிலுங்வே பின்னால் போனார். குளியலறையில் குளிக்கிற தொட்டியின் பாதி அளவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. அவர் சிலுங்வேயின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டார். “நீயே சொல்லு.”

சிலுங்வே கையை எடுக்கவில்லை. விரல்களை விரித்தார், மடக்கினார். அடி ஆழம் வரை விட்டுத் துழாவினார். உள்ளறையில் கணவர் முட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

“எப்ப போட்டீங்க ஸ்விட்ச?”

“காலைலேருந்து ஓடுது.”

“பச்சத் தண்ணி. வாழைக்குத்தான் ஊத்தலாம்,” என்றார் கடைசியில். “கோளாறு காயில்ல இல்ல. அடில எங்கயோ இருக்கு. நாளைக்குக் கீசர் தொட்டிய இறக்கிப் பாத்துர்றேன்.”

இடது கையால் சட்டைப்பையிலிருந்து ரசீதை உருவினார். பேனாவை வாங்கி, சொட்டச் சொட்ட வலது கையாலேயே கூலித் தொகையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடித்தார். ஈரத்தில் மை பரவி, முந்நூறும் கோடும் ஒன்றாகக் கலங்கின. ரசீதை நீட்டினார்.

லோம்பே அம்மா அதை வாங்கவில்லை. நீட்டிய கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கேத் துணியின் முனையால், குளிரில் விறைத்திருந்த அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார்.