ஜெனி ஒட்டிய அம்பு

மதியச் சாப்பாடு முடிந்து பனியன் கம்பெனியில் என் செக்கிங் டேபிளுக்குத் திரும்பியபோதுதான் அந்தோணியின் அழைப்பு வந்தது. "அக்கா, பாப்பா போயிட்டாக்கா" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. கையிலிருந்த டீ-ஷர்ட்டைத் திருப்பிக் கழுத்துத் தையலைப் பார்த்து முடித்து, மடித்து வைத்தேன். அதற்குப் பிறகே எழுந்தேன். நான்கு மாதமாகிறது. அதை ஏன் பார்த்து முடித்தேன் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜெனிக்கு ஏழு வயது. ரத்தப் புற்றுநோய். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிக் குடியிருக்கும் குடும்பம். அப்பா அந்தோணி கட்டிங் மாஸ்டர். அம்மா ஸ்டெல்லா, நான் வேலை செய்யும் கம்பெனியிலேயே சாம்பிள் டெய்லர். இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அவளைத் தெருவில் பார்த்தவர்கள்தான். உங்களில் சிலர் வீட்டுக் கதவில் அவள் ஒட்டிய சிவப்பு அம்பு இன்னும் இருக்கலாம்.

துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாங்கள் ஒட்டும் ஸ்டிக்கர் அது. என் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக்கொண்டு தெருவையே செக்கிங் செய்தாள். தூங்கிக்கொண்டிருந்த அந்தோணியின் தொப்பையில் ஒன்றை ஒட்டி, "அப்பாக்கு இங்க துணி கூடிப்போச்சு" என்றாள். ஆஸ்பத்திரியில் முதல்முறை ஊசி ஏற்றியபோது கையில் அதன் பக்கத்திலேயே ஒன்று. "ரிஜெக்ட் இல்ல சிஸ்டர், ஆல்ட்டர்தான்" என்று நர்ஸிடம் சொன்னாளாம். சரிசெய்துவிடக்கூடிய குறைக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர்.

ஒருநாள் வார்டில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜெனி எட்டி என் மூக்குக்கண்ணாடியில் ஒரு அம்பை ஒட்டினாள்.

"ஏஞ்சாமி, அத்தை கண்ணாடில என்ன குத்தம்?"

"அம்மா அழுதா நீங்க வேற எங்கயோ பாக்குதீக."

கடைசி மாதங்களில் அவள் தோல் எதையும் தாங்கவில்லை. லேபிள் இல்லாமல், தையல் வெளிப்பக்கம் வரும்படி, முன்னால் திறக்கிற மெல்லிய பனியன்களை ஸ்டெல்லா தைத்துப் போட்டாள். வரும் ஞாயிறு ஜெனியின் பிறந்தநாள். அன்று சர்ச் மைதானத்தில் அதே மாதிரி பனியன்களை விற்று, வெளியூரிலிருந்து அந்த வார்டுக்கு வரும் குடும்பங்களின் சாப்பாட்டுக்கும் பஸ் செலவுக்கும் கொடுப்பது என்று ஸ்டெல்லாவும் அந்தோணியும் முடிவு செய்தார்கள். தெரிந்த கம்பெனிகள் மீந்த துணியைக் கொடுத்தன. அந்தோணி வெட்ட, ஸ்டெல்லா தைக்க, செக்கிங் என்னுடையது.

மூன்றாம் நாள் அளவு டேப்பை வைத்தபோதுதான் கவனித்தேன். உயரம் ஏழு வயதுக்கு, மார்பு நான்கு வயதுக்கு. எல்லாப் பனியனும் அப்படியே. துணி வெட்டுவதற்கான அளவு அட்டையை, ஜெனியின் கடைசிப் பனியனை வைத்து ஸ்டெல்லா வெட்டிக் கொடுத்திருந்தாள். எங்கள் அளவுப் பட்டியலில் அப்படி ஓர் உடம்பு கிடையாது.

அந்தோணியிடம் கேட்டேன். "வெட்டுதது நாந்தானக்கா, எனக்குத் தெரியாதா? அவகிட்ட எப்பிடிச் சொல்ல? நீங்க சொல்லுங்க."

"ஊட்டுக்காரர் நீங்க சொல்லாம நான் எப்படீங்க சொல்றது?"

பத்து நாள் இப்படியே போனது. மூட்டைகள் ஏறிக்கொண்டே இருந்தன. யாரோ ஓர் அம்மா தன் பிள்ளையின் மேல் பனியனை வைத்துப் பார்ப்பாள், அளவு சேராமல் திரும்பப் போடுவாள், ஸ்டெல்லா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எந்த வேலை செய்தாலும் எனக்கு இதுதான் கண்முன் வந்தது. சொன்னால் தையலையே நிறுத்திவிடுவாளோ என்ற பயம் வேறு. அடக்கத்துக்குப் பிறகு அவள் சாப்பிட உட்காருவதே மெஷின் முன்னால்தான்.

நேற்று ஒரு பனியனின் மார்பில் அம்பை ஒட்டி, ஸ்டெல்லாவின் மெஷின் மேல் வைத்தேன்.

"தையலாக்கா?"

"தையல்ல ஒண்ணுமில்ல கண்ணு. அளவு. ஆருக்கும் சேராது."

மெஷின் நின்றது. அம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "தெரியும்க்கா" என்றாள் பிறகு. "அவுகளும் சொல்லல. நீங்களும் சொல்லல. வேற அளவு வெட்ட எனக்குக் கை வரல." அழுதாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்து, "இது வார்டுப் பிள்ளைகளுக்குச் சேரும். அங்க கொடுத்துருவோம்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு அளவுப் பட்டியலைக் கேட்டாள். "விக்கிறதுக்கு மொதல்ல எட்டு வயசு வெட்டச் சொல்லுங்கக்கா. அவ வளந்திருப்பால்லா."

ஞாயிற்றுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. முடியுமா, நீங்கள் வருவீர்களா, எதுவும் தெரியவில்லை. வாருங்கள்.

என் கண்ணாடியில் ஜெனி ஒட்டிய அம்பை மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பசை காய்ந்துவிட்டது, இனி எதிலும் ஒட்டாது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஞாயிறன்று ஸ்டெல்லாவின் பக்கத்தில்தான் நிற்பேன். அவள் அழுதால் வேறெங்கும் பார்க்கமாட்டேன்.