நாலு வரிசைக் கச்சான்

பிள்ளைகளே, குசினிச் சுவரில் தொங்கும், அரிசி புடைக்கிற பழைய சுளகின் நடுவில் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அடுப்புக் கரி என்று சொல்லி உங்களை அனுப்பிவிடுவேன். அது கரி இல்லை. அந்தக் கறுப்பைக் கொண்டுவந்து தந்தவருக்கு நான் ஒரு பொய்யால் கெடுதல் செய்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

யூரியாவைக் கண்ணால் காணக் கிடைக்காத வருடம் அது. முள்ளியவளையில் பற்றை வெட்டித் திருத்திய எங்கள் காணியில் முதல்முறையாகக் கச்சான் கடலை போட இருந்தேன். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்கு நான்தான் செயலாளர். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த விவசாயப் போதனாசிரியை, என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், ஒரு கூட்டத்துக்கு ஐஸ் பெட்டியில் கறுப்புப் பொடிப் பைகளோடு வந்தார். பொடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா உயிரோடு இருக்கிறது, விதையில் ஒட்டி மண்ணுக்குள் போனால் கச்சான் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியிருக்கும், காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடாக்கும், செடி அதற்குத் தன் சீனியில் பங்கு கொடுக்கும் என்று விளக்கினார். பக்கத்துக் காணிக்காரர், நீங்கள் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், எழும்பினார். "மிஸ், உதைத் தலையில பூசினா நரை மறையுமோ?"

"நரை மறையாது ஐயா. மண்டைக்குள்ள ஏதும் முளைச்சாலும் முளைக்கும்" என்றார் போதனாசிரியை.

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. ஆனால் பொடியை வாங்க ஒருவரும் வரவில்லை. அவருடைய முகம் வாடியதைப் பார்த்து நான் எழும்பி, "முதல்ல நான் போட்டுக் காட்டுறன். பார்த்திட்டு மற்றவை எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். போகும்போது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அண்ணை, என்ர சொல்லு இப்ப உங்கட காணியிலதான் கிடக்கு. இது உயிருள்ள சாமான். வெயில் படாமல் நிழலில உலர விடுங்கோ."

வடித்த கஞ்சியில் விதையை நனைத்து, பொடியைப் போட்டுப் பிரட்டினேன். கை இரண்டும் கறுத்துப்போனது. ஆனால் ஈர விதையைக் கண்டால் எங்களுக்கு இருப்புக் கொள்ளாது. பூஞ்சணம் பிடித்துவிடும், முளை அழுகிவிடும் என்ற பயம் சின்ன வயதிலிருந்தே கூட வளர்ந்தது. மாரி மழை விட்டு அன்று நல்ல வெயில் எறித்தது. நிழல் என்று அவர் சொன்னதைப் படித்தவர்களின் பயம் என்று நினைத்துக்கொண்டு, முற்றத்தில் படங்கை விரித்து மத்தியானம் வரை விதையைக் காயவிட்டேன். படங்கு கொள்ளாமல் ஒரு சுளகு விதை மிஞ்சியது. அதை உங்கள் அம்மா குசினிக்குள் கொண்டுபோய் வைத்தார். அந்தச் சுளகு விதை வேலியோரம் நாலு வரிசைக்குப் போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழிந்து ஒருநாள் அமைப்பில் உள்ளவர்கள் எல்லாம் போதனாசிரியையோடு காணிக்கு வந்தார்கள். காணி முழுக்க மஞ்சள் பத்திப் போய்க் கிடந்தது. அவர் ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினார். ஒரு முடிச்சும் இல்லாமல் வேர் மொட்டையாக இருந்தது.

"அண்ணை, நிழலிலதானே உலர விட்டனீங்கள்?"

"ஓம் மிஸ், நிழலிலதான்."

பிறகு வேலியோரம் பார்த்தார். நாலு வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றது. "அப்ப இதுக்கு என்ன செய்தனீங்கள்?" எனக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. வெயிலில் கிடந்த படங்கும் நிழலில் இருந்த சுளகும் கண்ணுக்கு முன்னால் வந்தன. உண்மையைச் சொன்னால், செய்து காட்டுகிறேன் என்று எழும்பிய செயலாளர் சொன்னதைக் கேட்கத் தெரியாத மடையன். சொல்லாவிட்டால் பழி அவர் தலையில். முன்னால் அத்தனை பேர், பின்னால் வேலி. "மிச்சம் கிடந்த யூரியா கொஞ்சம் போட்டனான்" என்றேன்.

"பார்த்தியளே! கறுப்புத் தோத்துப்போச்சு, வெள்ளைதான் வெண்டது" என்றார் உங்கள் பெரியப்பா. மீண்டும் சிரிப்பு.

போதனாசிரியை சிரிக்கவில்லை. வேலியோரம் குந்தியிருந்து ஒரு செடியை மெல்லத் தோண்டி எடுத்தார். வேர் நிறையக் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் பிளந்தார். உள்ளே மீனின் செவுள் பூவைப் போலச் சிவப்பு. எனக்கு மட்டும் கேட்கும்படி, "யூரியா தின்ற வேருக்கு இவ்வளவு முடிச்சு வராது அண்ணை" என்றார். நான் வாய் திறப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வேலிக் கட்டையைப் பார்த்தேன். செடியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நினைத்திருந்தால் அங்கேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பொடியைத் தொடவில்லை. "கரிப்பொடி மிஸ்" என்ற பெயர் மட்டும் ஊரில் நின்றது. சில மாதங்களில் அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. பிரியாவிடைத் தேநீரின்போது, "சுகமா இருங்கோ அண்ணை" என்றார், அவ்வளவுதான். இன்றைக்கும் கூட்டத்தில் யாராவது, "செயலாளரே போட்டுப் பார்த்துக் கைவிட்ட சாமான்" என்று சொன்னால் நான் தலையாட்ட வேண்டியிருக்கிறது. அன்று சொன்ன ஒரு வசனத்துக்குள் இத்தனை வருடமாக அடைபட்டுக் கிடக்கிறேன். வெளியே வரும் வழி எனக்குத் தெரியும், கால்தான் எழும்புவதில்லை.

யூரியா இப்போது கடையில் கிடைக்கிறது. அந்த வேலியோரத்தில் நான் ஒவ்வொரு மாரிக்கும் கச்சான் போடுகிறேன். பொடி போடாமலே வேரில் முடிச்சு வருகிறது, அந்த உயிர்கள் மண்ணிலேயே தங்கிவிட்டன. இந்த வருடம் பெரியப்பாவும் புதிதாகப் பற்றை வெட்டிக் கச்சானுக்குச் சால் இழுத்து வைத்திருக்கிறார். "கரிப்பொடிக் கதை மட்டும் எனக்கு வேண்டாம்" என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்தேன்.

நேற்று நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு சுளகைக் கழற்றிக்கொண்டு காணிக்குப் போனேன். அந்த நாலு வரிசையில் மண்ணை வெட்டிச் சுளகில் அள்ளி, வேலியைக் கடந்து, பெரியப்பாவின் சால்களில் தூவிக் காலால் மூடினேன். பலமுறை நடந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. கடைசிச் சுளகை அள்ளும்போது வெயில் ஏறிவிட்டது. சட்டையைக் கழற்றி மண்ணை மூடிக்கொண்டு, வெறும் மேலோடு நடந்தேன்.